வலி நீக்கும் மருந்தும் உழைப்பவர் நலமும்

கர்நாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையில், தமிழ்நாடும் ஆந்திரப் பிரதேசமும் நெருங்கி வரும் இடத்தில் கோலார் தங்க வயல் அமைந்துள்ளது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதனை வெட்டி எடுத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழ் மக்களாவர்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் கொண்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்து நின்றது. குனிந்தும் தவழ்ந்தும் பாறையைத் துளைத்து, கனத்த வண்டிகளைத் தள்ளி உழைத்தவர்களின் முதுகும் முழங்காலும் தோளும் அவ்வுழைப்பின் தடங்களை இன்றும் தாங்கியுள்ளன. சுரங்கம் மூடப்பட்டபோது நடுத்தர வயதினராக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் புறப்படும் ரயில்களில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்குச் சென்று, கட்டட வேலை, துப்புரவு வேலை, தொழிற்சாலை வேலை ஆகியவற்றைச் செய்து இரவில் திரும்புகின்றனர். உழைப்பின் வடிவம் மாறியுள்ளது; உடல் வலி மாறவில்லை.

இவ்வலிக்கு எளிதில் கிடைக்கும் மருந்து, மருந்துக் கடையில் சில ரூபாய்க்கு வாங்கும் வலி மாத்திரையாகும். இது கோலார் தங்க வயலுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. நாடெங்கும் உழைக்கும் மக்களின் வழக்கம். ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை என்ற நிலையில், மாத்திரை ஒன்று கூலியைக் காப்பாற்றும் கருவியாகி விடுகிறது. முறையாகப் பயன்படுத்தினால் இம்மருந்துகள் மக்களுக்குப் பெரும் நன்மை செய்பவை. ஆயின் வெப்பத்தில் வியர்த்து, போதிய நீரருந்தாமல், உண்ணாமல் உழைப்பவரின் உடலில் இதே மருந்து இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்க வல்லது. அஃது எவ்வாறு நிகழ்கிறது, எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருந்துகளின் வகை

வலிக்காக வழங்கப்படும் மாத்திரைகள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. பாராசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் தணிக்கும். வீக்கத்தைக் குறைக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், பைராக்சிகாம், மெஃபனமிக் அமிலம், இண்டோமெதசின், நிமசுலைடு ஆகியன வலி, காய்ச்சல், அழற்சி ஆகிய மூன்றையும் தணிப்பன. இவை ஸ்டீராய்டு வகையைச் சாராத அழற்சி நீக்கிகள் எனப்படும். பிரெட்னிசோலோன், டெக்சாமெதசோன் போன்றவை ஸ்டீராய்டு மருந்துகள். அவை முற்றிலும் வேறு வகை. இம்மூன்று வகைகளும் பொதுமக்கள் பேச்சில் ‘வலி மாத்திரை’ என்ற ஒரே பெயரில் வழங்குவதே பல குழப்பங்களுக்குத் தொடக்கமாகிறது.

ஆஸ்பிரின் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் தூய வடிவில் உருவாக்கப்பட்டு, 1899 முதல் விற்பனைக்கு வந்தது. ஐபுபுரூஃபன் 1960களில் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவாகி 1969இல் அந்நாட்டில் பயன்பாட்டிற்கு வந்தது. டைக்ளோஃபினாக் 1970களில் வந்தது. ஆஸ்பிரின் புழக்கத்திற்கு வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அஃது உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்பது அறியப்படாமலே இருந்தது. 1971இல் ஜான் வேன் என்னும் ஆங்கிலேய அறிஞர் அதனை விளக்கினார். அவருக்கும், புரோஸ்டாகிளாண்டின்களை ஆராய்ந்த ஸ்வீடன் அறிஞர்களான பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன் ஆகியோருக்கும் 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செயற்படும் முறை

உடலில் ஓரிடம் அடிபட்டாலோ நசுங்கினாலோ, அங்குள்ள உயிரணுக்களின் சவ்விலிருந்து ஒருவகைக் கொழுப்பு அமிலம் வெளிப்படுகிறது. சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்னும் நொதி அதனைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றும் பணியைச் செய்கிறது. புரோஸ்டாகிளாண்டின்கள் இரத்தக் குழாய்களை விரியச் செய்து அவ்விடத்தைச் சிவந்து வீங்க வைக்கின்றன; நரம்பு நுனிகளை எளிதில் வலியுணரச் செய்கின்றன. அழற்சி நீக்கி மருந்துகள் இந்நொதியைத் தடுக்கின்றன. நொதி தடைப்பட்டால் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி குறைகிறது. வீக்கமும் வலியும் தணிகின்றன.

ஆனால் புரோஸ்டாகிளாண்டின்கள் வலியை உண்டாக்குவதோடு நிற்பதில்லை. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் வழவழப்பான படலம் சுரப்பதற்கு அவை தேவை. சிறுநீரகத்திற்கு இரத்தம் தடையின்றிச் செல்வதற்கும் அவை தேவை. இவற்றோடு உறவுடைய பொருள்களே இரத்தம் உறைவதையும், குழாய்களில் தடையின்றி ஓடுவதையும் சமன் செய்கின்றன. மாத்திரை வலியுள்ள முழங்காலுக்கு மட்டும் செல்வதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவி, எல்லா இடங்களிலும் இந்நொதியைத் தடுக்கிறது. நன்மையும் தீமையும் ஒரே செயலிலிருந்து பிறக்கின்றன என்பதை இதனால் உணரலாம்.

இரைப்பைக்கு நேரும் தீங்கு

பாதுகாப்புப் படலம் மெலியும்போது இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் தோன்றுகிறது. சில வேளைகளில் அப்புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது. இம்மருந்துகளை உட்கொள்வோரிடம் இத்தகைய கடுமையான விளைவுகள், உட்கொள்ளாதாரைக் காட்டிலும் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படுகின்றன. வலி மருந்தே வயிற்று வலியையும் மறைத்து விடுவதால், பலருக்கு இரத்தக் கசிவே முதல் அறிகுறியாக அமைகிறது. தார் போன்று கறுத்த மலம், காப்பித் தூள் நிறத்தில் வாந்தி, காரணமின்றி வரும் தலைச்சுற்றல், வெளிறிய கண்ணிமை ஆகியன தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அடையாளங்களாகும். நீண்ட காலம் சிறிது சிறிதாக இரத்தம் கசிந்தால் இரத்தச் சோகை உண்டாகும். இரும்புச் சத்துக் குறைவு ஏற்கெனவே மிகுந்துள்ள நம் நாட்டுப் பெண்களுக்கு இது மேலும் ஒரு சுமையாகும்.

அறுபத்தைந்து வயதைக் கடந்தோர், முன்பு வயிற்றுப் புண் இருந்தோர், ஆஸ்பிரினையோ இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தையோ உட்கொள்வோர், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர், மது அருந்துவோர், புகைபிடிப்போர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி. இத்தகையோருக்கு இம்மருந்து தவிர்க்க இயலாததாயின், அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மருந்தையும் மருத்துவர் சேர்த்து வழங்குவார்.

ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குத் தீங்கில்லை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறானது. மருந்து தசை வழியாகச் சென்றாலும் இரத்தத்தில் கலந்த பின்னரே வேலை செய்கிறது. இரைப்பையின் பாதுகாப்பு அப்போதும் குறைகிறது. மேலும், தவறான இடத்தில் குத்தப்படும் ஊசி பிட்டத்தின் வழியே செல்லும் பெரிய நரம்பைச் சேதப்படுத்தி, காலையே செயலிழக்கச் செய்யக்கூடும். வாய் வழியாக மாத்திரை விழுங்கக் கூடியவருக்கு வலிக்காக ஊசி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

சிறுநீரகமும் வியர்வையும்

உழைக்கும் மக்களைப் பொறுத்தவரை மிகுந்த கவனத்திற்குரியது சிறுநீரகமே. உடலில் நீர் போதுமான அளவில் இருக்கும்போது, சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்திற்குப் புரோஸ்டாகிளாண்டின்களின் உதவி அதிகம் தேவைப்படுவதில்லை. ஆகவே நல்ல உடல்நலமுள்ள இளைஞர் ஒருவர் இரண்டு நாள்கள் இம்மருந்தை உட்கொண்டால் சிறுநீரகத்திற்குப் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் கடும் வெயிலில் வியர்த்து நீர் குறைந்த உடல், முக்கிய உறுப்புகளுக்கு இரத்தத்தைக் காக்கும் பொருட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அந்நிலையில் சிறுநீரகத்திற்குள் இரத்தம் நுழையும் நுண்குழாயைத் திறந்து வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின்களே. அதே வேளையில் ஒரு மாத்திரை அவற்றையும் தடுத்து விட்டால், சிறுநீரகம் இரத்தமின்றித் தவிக்கிறது. சிறுநீர் குறைகிறது, கழிவுப் பொருள்கள் இரத்தத்தில் தேங்குகின்றன. தக்க நேரத்தில் மருந்தை நிறுத்தி நீர் கொடுத்தால் பெரும்பாலும் சீராகும். இந்நிலை மீண்டும் மீண்டும் ஏற்படின் நிலையான பாதிப்பிற்கு வழிகோலும்.

வெப்பமும் உழைப்பும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிப்பது பற்றி மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடையேயும், தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளரிடையேயும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. கழிப்பறை வசதியற்ற பணியிடங்களில் பெண்கள் நீரருந்துவதையே குறைத்துக் கொள்வதும் அறியப்பட்ட உண்மை. விடியற்காலையில் ரயிலேறி, பகல் முழுவதும் வெயிலில் செங்கல் சுமந்து, நீரும் உணவும் குறைத்து, மாலையில் இடுப்பு வலிக்கு மாத்திரை விழுங்கும் ஒருவரின் நிலையை இப்பின்னணியில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மற்றுமோர் எடுத்துக்காட்டையும் கருதலாம். சுரங்கத்தில் பணியாற்றிய முதியவர் ஒருவர் இரத்த அழுத்தத்திற்காக எனலாப்ரில் அல்லது டெல்மிசார்ட்டான் உட்கொள்கிறார் எனக் கொள்வோம். அதனுடன் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும் உண்டு. இவை இரண்டும் அவருக்கு நன்மை செய்பவையே. அவர் முழங்கால் வலிக்காகத் தாமே டைக்ளோஃபினாக் வாங்கி உட்கொள்ளத் தொடங்கினால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தை மூன்று வழிகளிலும் முடக்குகின்றன. ஒரு வயிற்றுப் போக்கோ ஒரு நாள் காய்ச்சலோ வந்து உடலில் நீர் குறைந்தால், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கக் கூடும். அத்துடன் வலி மருந்து உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்துவதால், அழுத்த மாத்திரையின் பயனும் குறைந்து போகிறது.

இரு படிப்பினைகள்

வேலை செய்வதற்காகவே வலி மருந்து உட்கொள்ளும் வழக்கம் எங்குக் கொண்டு சேர்க்கும் என்பதற்கு ஸ்வீடனின் ஹுஸ்க்வர்னா நகரம் சான்றாகும். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாத் தொற்றை ஒட்டி, அந்நகரத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே ஃபினாசெட்டின் என்னும் வலி நீக்கி கலந்த தூள் ஒன்று பரவியது. தொற்று நீங்கிய பின்னரும், களைப்பின்றி உழைப்பதற்காக அதனை நாள்தோறும் உட்கொள்வது ஊர் வழக்கமாயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் அங்குச் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தவர்கள் வழக்கத்தைவிட மிகுதியாக இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். ஃபினாசெட்டின் இக்கட்டுரையில் கூறப்படும் அழற்சி நீக்கி வகையைச் சேர்ந்ததன்று. பாராசிட்டமாலுக்கு நெருங்கிய உறவுடையது. எனினும் தீங்கு வந்த வழி ஒன்றே: நோய்க்கு வந்த மருந்து உழைப்பின் துணையாக நிலைபெற்று விட்டது. இந்தியாவில் ஃபினாசெட்டின் 1983 ஜூலையில் தடை செய்யப்பட்டது.

இரண்டாவது படிப்பினை நம் நாட்டினுடையது. 1990களின் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் இருந்த நம் கழுகினம், குறிப்பாக வெண்முதுகுக் கழுகு எனப்படும் பிணந்தின்னிக் கழுகு, 2007ஆம் ஆண்டிற்குள் 99 விழுக்காட்டிற்கும் மேல் அழிந்தது. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடப்பட்டு, அவை இறந்த பின் அவற்றின் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன என்பதை 2004இல் வெளியான ஆய்வு நிறுவியது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டிகள் கால்நடைகளுக்குத் திருப்பி விடப்பட்டதால், 2015இல் மனிதருக்கான ஊசி மருந்தும் ஒரு வேளைக்குரிய 3 மில்லி லிட்டர் அளவில் மட்டுமே அடைக்கப்பட வேண்டுமென ஆணையிடப்பட்டது. கழுகின் உடலும் மனித உடலும் ஒன்றல்ல. கழுகைக் கொல்லும் அளவு மனிதரைக் கொல்வதில்லை. ஆயினும் ஒரு மருந்து எந்த உறுப்பைக் குறி வைக்கிறது என்பதை அறிந்துகொள்ள இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

இதயமும் பிற உறுப்புகளும்

இரைப்பைக்குத் தீங்கில்லாத வலி மருந்தைத் தேடிய முயற்சியில், நொதியின் இரு வகைகளுள் அழற்சியோடு நெருங்கிய தொடர்புடைய இரண்டாம் வகையை மட்டும் தடுக்கும் மருந்துகள் 1990களின் இறுதியில் வந்தன. அவற்றுள் ஒன்றான ரோஃபெகாக்சிப், நீண்ட காலம் உட்கொள்வோரிடம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவிக்கிறது எனத் தெரிய வந்ததால் 2004 செப்டம்பரில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அவ்வாண்டு டிசம்பரில் அது தடை செய்யப்பட்டது. வால்டெகாக்சிப் 2005 ஜூலையில் தடை செய்யப்பட்டது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிடப்பட்ட மதிப்பீடு, மிகுந்த அளவில் உட்கொள்ளும் டைக்ளோஃபினாக்கும் இதய, இரத்தக் குழாய் நோய்களை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர்த்துவதைக் காட்டியது. ஆகவே மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு ஆளானோர் டைக்ளோஃபினாக்கைத் தவிர்த்தல் வேண்டும். இதயத்திற்காகச் சிறு அளவு ஆஸ்பிரின் உட்கொள்வோர் அதற்கு முன்னதாக ஐபுபுரூஃபன் உட்கொண்டால், ஆஸ்பிரினின் காக்கும் பயன் தடைப்படக் கூடும் என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

நிமசுலைடு கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்ற கவலையால் 12 வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு அதனை அளிப்பது 2011இல் தடை செய்யப்பட்டது. வைரசுக் காய்ச்சலின்போது ஆஸ்பிரின் உட்கொள்ளும் குழந்தைகளுக்கு மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய் உண்டாகலாம். மாதவிடாய் வலிக்குப் பெரிதும் பயன்படும் மெஃபனமிக் அமிலம் சிலரிடம் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவற்றுடன் கூடிய கடும் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. கருவுற்ற பெண்கள், குறிப்பாக ஐந்தாம் மாதத்திற்குப் பின், மருத்துவர் கூறினாலன்றி இவ்வகை மருந்துகளை உட்கொள்ளலாகாது. ஆஸ்துமா உள்ளோரில் சிலருக்கு ஒரே மாத்திரையும் கடும் மூச்சுத் திணறலை உண்டாக்கும். டெங்கு பரவும் காலத்தில், காய்ச்சலின் காரணம் தெளிவாகும் வரை பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மருந்து உட்கொள்வது இரத்தக் கசிவுக்கு இடமளிக்கும்.

வலி ஓர் அறிவிப்பு

வலி என்பது நோயன்று, நோயின் அறிவிப்பு. அறிவிப்பை அடக்கி விட்டால் நோய் மறைந்து வளரும். கோலார் தங்க வயலில் இவ்வுண்மைக்குத் தனிப் பொருளுண்டு. பாறைத் தூளைச் சுவாசிப்பதால் வரும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக விரிவாக ஆராயப்பட்டது இங்குதான். 1940க்கும் 1946க்கும் இடையே நடந்த அவ்வாய்வில், பரிசோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளருள் பத்தில் நால்வருக்கும் மேற்பட்டோரிடம் அந்நோய் காணப்பட்டது. சிலிகோசிஸ் உள்ளவரைக் காச நோய் எளிதில் பற்றும். காச நோய் நுரையீரலோடு நிற்காமல் முதுகெலும்பையும் தாக்குவதுண்டு. அதன் தொடக்க அறிகுறி தீராத முதுகு வலியும் மாலைக் காய்ச்சலுமே. அழற்சி நீக்கி மருந்து இவ்விரண்டையும் தணித்து விடுவதால், சிகிச்சை மாதக் கணக்கில் தாமதப்படலாம். அதற்குள் முதுகெலும்பு சிதைந்து கால்கள் செயலிழக்கும் ஆபத்துண்டு.

கோலார் மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. நெடுங்காலம் அந்நீரைப் பருகுவோருக்கு மூட்டுகளும் முதுகும் விறைத்து வலிக்கும். அதற்குரிய தீர்வு தூய குடிநீரே, மாத்திரை அன்று. எனவே இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் கூடிய வலி, கால் மரத்துப் போதல் ஆகியவற்றுக்கு மருத்துவப் பரிசோதனை இன்றியமையாதது.

முறையான பயன்பாடு

சுளுக்கு, அடிபட்ட வீக்கம், பல் வலி, மாதவிடாய் வலி, கீல்வாதம், முடக்கு வாதம், அறுவைக்குப் பின் வரும் வலி ஆகியவற்றில் இம்மருந்துகளின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. அவற்றை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை. குறைந்த அளவு, குறைந்த காலம், தக்க ஆள் என்ற மூன்றையும் கடைப்பிடித்தலே பாதுகாப்பு.

சாதாரண வலிக்கு ஓய்வும் ஒத்தடமும் முதலிடம் பெற வேண்டும். மருந்து தேவைப்படின் பாராசிட்டமாலில் தொடங்கலாம். உடல்நலமுள்ள வயது வந்தோருக்கும் அது நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டலாகாது. மது அருந்துவோர், உடல் மெலிந்தோர், கல்லீரல் நோயுள்ளோர் ஆகியோருக்கு அளவு இதனினும் குறைய வேண்டும். ஒரு மூட்டில் மட்டும் வலி இருப்பின் மேலே தடவும் களிம்பு பல நேரங்களில் போதுமானது. அதிலிருந்து இரத்தத்தில் கலக்கும் மருந்து மிகச் சிறிதளவே. வாய்வழி அழற்சி நீக்கி தேவையாயின், பொதுவாக ஐபுபுரூஃபன் 400 மில்லி கிராம் உணவுக்குப் பின், நாளில் மூன்று வேளைக்கு மிகாமல், சில நாள்களுக்கு மட்டும் என்பது வயது வந்தோருக்குரிய அளவு. டைக்ளோஃபினாக் எந்நிலையிலும் நாளொன்றுக்கு 150 மில்லி கிராமைக் கடத்தலாகாது. இவ்வகையைச் சேர்ந்த இரு மருந்துகளை ஒருங்கே உட்கொள்வதால் வலி இரு மடங்கு குறைவதில்லை; தீங்குதான் பெருகுகிறது. வெவ்வேறு வணிகப் பெயர்களில் ஒரே மருந்து விற்கப்படுவதால், பெட்டியின் மீது சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்தறிய வேண்டும்.

வியர்த்துக் களைத்த நிலையில், முதலில் நீரும் உணவும், பிறகே மருந்து என்பது விதியாக வேண்டும். வாந்தி, வயிற்றுப் போக்கு, கடும் காய்ச்சல் ஆகியவற்றின்போது இம்மருந்துகளை நிறுத்தி விடுதல் நன்று.

கடைகளில் சிறு தாளில் மடித்து, பெயரின்றித் தரப்படும் மாத்திரைக் கலவைகள் பெரிதும் ஆபத்தானவை. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்திருப்பின் வலி வியக்கத்தக்க விரைவில் மறையும். நாளடைவில் முகம் உப்புதல், எலும்பு தேய்தல், நீரிழிவு, நோய்த் தடுப்பாற்றல் குறைதல் ஆகியன தொடரும். அழற்சி நீக்கியுடன் சேரும்போது வயிற்றுப் புண்ணின் வாய்ப்பு மேலும் கூடும். நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பெயரறியாத் தூள்களிலும் இதே கலப்படம் பல முறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. பெயர் தெரியாத மருந்தை உட்கொள்ளாதிருப்பது ஒவ்வொருவரும் தாமே கடைப்பிடிக்கக் கூடிய பாதுகாப்பாகும்.

அரசின் நடவடிக்கைகளும் நிருவாகத்தின் கடமையும்

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளின் எச் அட்டவணையில் டைக்ளோஃபினாக் இடம் பெற்றுள்ளது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி அதன் மாத்திரையையும் ஊசியையும் விற்றல் சட்டப்படி குற்றமாகும். தேவையற்ற கூட்டு மருந்துகளைக் களையும் பணியும் தொடர்கிறது. 2024 ஆகஸ்டில் தடை செய்யப்பட்ட 156 கூட்டு மருந்துகளுள் அசிக்ளோஃபினாக் 50 மில்லி கிராமும் பாராசிட்டமால் 125 மில்லி கிராமும் கலந்த மாத்திரையும் ஒன்று. 2010இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் இயங்குகிறது. மருந்தால் தீங்கு நேர்ந்ததாக ஐயுறும் எவரும், மருத்துவரேயன்றி நோயாளியும், 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் தெரிவிக்கலாம்.

எனினும் சட்டம் கடையின் வாயிலோடு நின்று விடுகிறது. மருத்துவரைக் காண அரை நாள் கூலியை இழக்க வேண்டிய ஒருவர் சட்டத்தைக் கருதிக் கடையைத் தவிர்ப்பார் என எதிர்பார்க்க இயலாது. சுரங்கம் இயங்கிய காலத்தில், தொழிலாளருக்கும் குடும்பத்தினருக்கும் நிறுவனத்தின் மருத்துவமனை குடியிருப்புகளுக்கு அருகிலேயே இருந்தது. சுரங்கம் மூடப்பட்டபோது அதுவும் மூடப்பட்டது. கோவிட் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, 2021இல், தன்னார்வத் தொண்டர்கள் அக்கட்டடத்தைத் துப்புரவு செய்து நோயாளிகளுக்கான படுக்கைகளை அமைத்தனர். மக்களுக்கு அருகில் மருத்துவ வசதி எவ்வளவு தேவை என்பதை அம்முயற்சியே எடுத்துக்காட்டியது.

இந்நிலையில் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய பணிகள் சில உள்ளன. முதலாவதாக, இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மாதந்தோறும் மாத்திரை வழங்கும் துணை சுகாதார நிலையப் பணியாளரும் ஆஷா பணியாளரும், வலிக்கு என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக் கொள்ளலாம். இவ்வொரு கேள்வியே பல சிறுநீரகங்களைக் காக்கும். இரண்டாவதாக, தொடர்ந்து வலி மருந்து உட்கொள்ளும் முதியோருக்கு இரத்த அழுத்தம், இரத்த கிரியேட்டினின், ஹீமோகுளோபின் ஆகிய பரிசோதனைகளை ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்தல் வேண்டும். மூன்றாவதாக, தொழிலாளர் வேலைக்குச் செல்லும் முன்போ திரும்பிய பின்போ காணத்தக்க வகையில் மாலை நேர மருத்துவப் பிரிவுகள் இயங்க வேண்டும். நான்காவதாக, கட்டடப் பணியிடங்களில் குடிநீர், நிழல், கழிப்பறை ஆகியன உள்ளனவா என்பதைத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் உறுதி செய்ய வேண்டும். ஐந்தாவதாக, மருந்தாளுநர்கள் மருந்தைத் தருகையில் வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய், கருவுற்ற நிலை ஆகிய நான்கையும் கேட்டறிவதைப் பழக்கமாகக் கொள்ளல் வேண்டும். கோலார் தங்க வயல் போன்ற ஊர்களில் மருந்து பற்றிய அறிவிப்புகள் கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் அமைதல் பயன் தரும்.

வலியின்றி உழைக்க விரும்புவது மனித இயல்பு. அதற்கு உதவும் மருந்து அறிவியலின் கொடை. ஆயின் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டால்தான் செய்ய முடியும் என்ற நிலையிலுள்ள வேலையில், சீர் செய்ய வேண்டியது வேலையின் நிலைமையே. சுமையைக் குறைக்கும் கருவியும், இடைவேளையில் ஓய்வும், அருந்த நீரும், அருகில் ஒரு மருத்துவரும் கிடைக்கும் தொழிலாளிக்கு மாத்திரையின் தேவை தானே குறையும். பூமிக்கடியில் தம் உடலைத் தேய்த்து நாட்டிற்குப் பொன் தந்த மக்களுக்கும், அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் இவ்வளவேனும் கிடைக்கச் செய்தல் நம் கடமையாகும்.